செவ்வாய் மாந்தரும் செய்தித்தாள்களும்

எச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட செவ்வாய்ப் படையெடுப்புக் கதையை, ஆர்சன் வெல்ஸ் என்னும் 23 வயது இளைஞர் 1938 அக்டோபர் 30 இரவு அமெரிக்கக் கொலம்பியா வானொலியில் நாடகமாக்கினார். கதையை இடைச்செய்தி அறிவிப்புப் போலவே அமைத்தது அவர் கையாண்ட உத்தி. மறுநாள் செய்தித்தாள்கள் நாடே நடுங்கியதாக எழுதின. இன்றும் பலர் அதனையே ஒப்பிக்கின்றனர்! ஆனால் அன்றிரவு 5,000 வீடுகளைத் தொலைபேசியில் வினவியபோது, நூற்றுக்கு இருவரே அந்நாடகத்தைக் கேட்டதாகத் தெரிந்தது. அஞ்சியோர் இலர் என்பதன்று. காவல் நிலையங்களுக்கு அழைப்புகள் வந்தது மெய்யே. எனினும், விளம்பர வருவாயை வானொலியிடம் இழந்துவந்த நாளிதழ்களுக்குப் பழி சுமத்த நல்வாய்ப்புக் கிட்டிற்று. 1940-இல் ஹாட்லி கான்ட்ரில் வெளியிட்ட ஆய்வுநூலோ, வெறும் கிளர்ச்சியுற்றோரையும் அஞ்சியோர் கணக்கிலேயே சேர்த்துவிட்டது.