ஓரணாச் சிற்றுண்டி

1920-இல் தேடிவந்த முதலமைச்சர் பதவியை வேண்டாமென்றார் வெள்ளுடை வேந்தர் தியாகராயர். இதை மேடைதோறும் முழங்குகிறோம், முழங்குவோம்! ஆனால், 1882 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டு சென்னை மாநகராட்சி மன்றத்தில் உழைத்த அப்பெரியார், அதே 1920-இல் செய்த மற்றொன்றை நம்மில் எத்தனைபேர் எண்ணிப் பார்த்தோம்?

பசித்த வயிற்றில் பாடம் ஏறுமா? ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க, அவர் தலைமையில் மன்றம் இசைந்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று.

தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாதென்று தடுத்தது அரசு. 1925-இல் அடுப்பு அணைந்தது. அன்று அமைச்சரவையில் இருந்தோர் நீதிக்கட்சியினரே; அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார்.

1927-இல் 25 பள்ளிகளில், ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்காக, அடுப்பு மீண்டும் மூண்டது.