வலியறியும் கை

படகு வலித்துக் களைத்த தோளை எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டால் நோவு தணியும் என்பதைச் சுண்ணாம்பாற்றங்கரை நோணாங்குப்பத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. சித்த மருத்துவம் இக்கலைக்குத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், பிடித்தல், அழுத்தல் முதலிய ஒன்பது வகையாகப் பகுத்தது. இலண்டனில் 1894-ஆம் ஆண்டு நான்கு செவிலியர் சங்கம் அமைத்து, இக்கலைக்குப் பயிற்சியும் தேர்வும் வகுத்தனர்.

ஆயினும், ஓய்ந்தாலும் தீராத வலி ஒன்றுண்டு, மாணவ நேயர்களே! தசைவலிக்கு நார்த்திசுவின் அழற்சியே காரணமெனக் கருதிய மருத்துவர் வில்லியம் கௌவர்ஸ், 1904-இல் அதனை 'ஃபைப்ரோசைடிஸ்' என்றார். பின்னர் ஆராய்ந்தோர் அழற்சியைக் காணவில்லை; நோயாளியின் சொல்லையே பலர் ஐயுற்றனர். 1976-இல் 'ஃபைப்ரோமயால்ஜியா' என்னும் பெயர் பிறந்தது. உடலெங்கும் மூன்று திங்கள் வலியிருந்து, அழுத்திப் பார்க்கும் 18 இடங்களுள் 11-இலேனும் நொந்தால் இந்நோயே என 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் வரையறுத்தது. 2010-இல் அச்சோதனையும் கைவிடப்பட்டது. நரம்பு மண்டலம் வலியை மிகைப்படுத்துகிறது என்பதே இன்றைய கருத்து.

ஆகவே, இந்நோயாளரைத் தொடப் பயில்வோர் முதலில் அடக்க வேண்டுவது தம் கைவலுவையே. மல்லனுக்கு இதமான அழுத்தம் இவர்க்கு வேதனை. மெல்லத் தொடங்குதல், வலிக்கிறதா என வினவுதல், மறுநாள் அவர் கூறுவதற்கேற்ப அளவை மாற்றுதல் ஆகியவையே பாடம். இதனால் நோய் அடியோடு நீங்காது. வலி சற்றுத் தணியலாம். தம் சொல்லை ஒருவர் நம்பினார் என்னும் ஆறுதலும் அவர்க்குக் கிட்டும்.