அஸ்கா வந்த வழி

ஈரோடு, சேலம் பக்கம் மளிகைச் சீட்டில் 'அஸ்கா 2 கிலோ' என்று எழுதியிருந்தால் கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்துப் போடுவார். மதுரைக்குத் தெற்கே அதற்குச் சீனி என்று பெயர், யாழ்ப்பாணத்திலும் சீனிதான். சென்னையில் வெறும் சர்க்கரை. வட்டார வழக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இந்த மூன்று பெயர்களும் ஒரே காலத்தில் வந்தவையல்ல. எந்தச் சந்தையிலிருந்து பண்டம் வந்ததோ, அந்தச் சந்தையின் தடம் முதலிரண்டிலும் இருக்கிறது.

அஸ்கா ஓர் ஊர். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், ருசிகுல்யா ஆற்றங்கரையில் இருக்கிறது. 1936இல் ஒடிசா தனி மாகாணமாகும் வரை கஞ்சம் நம் சென்னை மாகாணத்தின் வடகோடி மாவட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஐரோப்பியர் ஒரு சர்க்கரை ஆலை வைத்தார்கள். மின்ச்சின் என்பவர் அதைப் பேர்பெறச் செய்தார். கருஞ்சிவப்புக் கழிவுப்பாகை நீக்கிவிட்டு, உப்புப் பரல் மாதிரி வெளுத்து வந்த அந்தச் சரக்குக்கு மாகாணத்தின் தெற்கே அதன் ஊரே பெயரானது. அஸ்காவிலிருந்து வந்தது அஸ்கா சர்க்கரை ஆனது. நாளடைவில் சர்க்கரையும் உதிர்ந்து அஸ்கா மட்டும் நின்றது. வனஸ்பதி எந்தக் கம்பெனியுடையதானாலும் டால்டா என்றோமே, அதே கணக்கு. பிறகு தமிழ்நாட்டிலேயே எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன. உள்ளூர் ஆலையின் சர்க்கரையையும் கொங்கு நாடு அஸ்கா என்றே கேட்டு வாங்குகிறது. அது ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைப்பவர்களும் உண்டு.

சீனியும் ஊர்ப்பெயர்தான், கொஞ்சம் பெரிய ஊர். சீனத்துச் சரக்கு என்ற பொருளில் வடக்கே வழங்கிய சொல் இது. இதில் ஒரு வேடிக்கை. கி.பி. 647இல் தாங் வம்சத்துப் பேரரசர் தைசோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆளனுப்பினார் என்று சீன வரலாற்று நூல் சொல்கிறது. இங்கிருந்து போன கைவேலை பல நூற்றாண்டு கழித்துச் சீனப் பெயரைச் சூட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இந்தியில் கற்கண்டுக்கு மிஸ்ரி என்று பெயர். மிஸ்ர் என்றால் எகிப்து. இனிப்பில் வெள்ளை கூடக்கூட அதற்கு வெளியூர்ப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

சர்க்கரை மட்டும் உள்நாட்டுச் சொல். சமஸ்கிருதத்தில் சர்க்கரா என்றால் முதலில் பரல், சரளை, மணல். காய்ச்சிய சாறு பொருபொருவென்று பரலாக உறைந்ததைப் பார்த்து அதே பெயரை இதற்கும் வைத்தார்கள். அது பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், கிரேக்கத்தில் சாக்கரோன் என்று உருமாறி ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது. மலையாளத்துச் சக்கர போர்ச்சுகீசியரிடம் ஜாகரா ஆகி, ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு ஜாகரி என்ற பெயரைத் தந்தது. தமிழ்க் காதில் இதே சொல் வேறு வழியாகவும் விழுந்திருக்கிறது: அக்காரம். ஆண்டாள் அழகருக்கு நூறு தடா நேர்ந்துகொண்ட அக்காரவடிசிலில் இருப்பது அதுதான். அதை இன்றும் வெல்லம் போட்டே கிண்டுகிறார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கும் யாரும் அஸ்கா போடுவதில்லை. பெயரில் மட்டும் சர்க்கரை இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பெயர் வைத்த நாளில் சர்க்கரை என்றாலே பழுப்புத்தான்.

வெள்ளை வந்து அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்ட பிறகே பழையது 'நாட்டுச் சர்க்கரை' ஆனது. வெள்ளைக் கோழி வரும்வரை நாட்டுக்கோழியும் வெறும் கோழிதான். அரிசியிலும் இதே நடந்தது. எல்லாரும் உரலில் குத்திய காலத்தில் கைக்குத்தல் அரிசி என்று ஒரு ரகம் இருந்திருக்க முடியாது. மில் வந்து தவிட்டை முழுக்கச் சீவிய பிறகு தேவைப்பட்ட அடைமொழி அது.

நாட்டுச் சர்க்கரை பிறக்கும் இடத்தைப் பார்க்க ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிக்குப் போகவேண்டும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது. கொப்பரையில் சாறு கொதிக்கக் கொதிக்க நுரையை வழித்துப் போடுகிறார்கள். பதம் வந்ததும் பாகைத் தொட்டியில் கவிழ்த்து, ஆறுவதற்குள் மரக்கட்டையால் தேய்க்கிறார்கள். கட்டி தட்டாமல் தேய்த்தால் சர்க்கரை. தேய்க்காமல் அச்சில் ஊற்றினால் வெல்லம். கழிவுப்பாகைப் பிரிக்கும் வேலையே இல்லை, நிறம் அப்படியே தங்கிவிடுகிறது.

சூப்பர் மார்க்கெட்டில் 'பிரவுன் சுகர்' என்று விற்பது பெரும்பாலும் இதுவல்ல. வெளுத்த சர்க்கரையில் கழிவுப்பாகை மறுபடி நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பங்கு வரை கலந்தால் அது கிடைத்துவிடும். பழுப்பு அரிசியின் பழுப்பு வேறு சங்கதி. அது நீக்காமல் விட்ட தவிடு. நார், தயமின், கொழுப்பெல்லாம் அதில் இருக்கின்றன. ஒரே நிறப்பெயர் இரண்டிலும் ஒட்டியிருப்பதால், வெள்ளை அரிசியைக் குறைத்துவிட்டுப் பழுப்புச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 350 கலோரி, 7 கிராம் புரதம். பழுப்புச் சர்க்கரையில் 380 கலோரி. புரதம் இல்லையென்றே சொல்லலாம். கால்சியம் 80 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூட இருக்கிறது, அது உண்மை. ஆனால் காப்பியில் போடும் ஒரு தேக்கரண்டி 4 கிராம்தான். அதில் வருவது 3 மில்லிகிராம். நாட்டுச் சர்க்கரையில் தாதுக்கள் இதைவிடக் கூடுதல், ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான்.

அதற்காக வெள்ளை அரிசிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்ததை ஜாவாவில் ஐக்மன் என்ற மருத்துவர் கவனித்ததிலிருந்துதான் வைட்டமின் ஆராய்ச்சி வளர்ந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு. நெல்லை அவித்துக் காயவைக்கும் நம் புழுக்கல் வழக்கம் தவிட்டுச் சத்தில் ஒரு பங்கை அரிசிக்குள் ஏற்றிவிடுகிறது. பச்சரிசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசிமிக் குறியீட்டில் சர்க்கரை 65 வாக்கில் நிற்கிறது. நன்றாகக் குழைந்த வெள்ளைச் சோறு, ரகத்தைப் பொறுத்து, அதைத் தாண்டியும் போகும். சர்க்கரை முழுக்கக் குளுக்கோஸ் அல்ல, பாதி ஃப்ரக்டோஸ்; சோற்று மாவு முழுக்கக் குளுக்கோஸ். இங்கேதான் 'சர்க்கரை நோய்' என்ற பெயர் ஆளை ஏமாற்றுகிறது. காப்பியில் நாட்டுச் சர்க்கரைக்கு மாறியதே பத்தியம் என்று நினைத்துக்கொண்டு, இலையில் மூன்றாவது முறை சோறு வாங்குகிறார்கள். நீரிழிவு என்ற பழைய பெயர் நோயின் குறியைச் சொன்னதே தவிர எந்தப் பண்டத்தின் மீதும் பழி போடவில்லை.