லிம்பஸ் குருத்தணு வளர்ப்பு

கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்புக்கு லிம்பஸ் என்று பெயர். அங்கிருந்து கடுகளவு திசுவை எடுத்து, அதிலுள்ள குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) ஆய்வகத்தில் பெருக்கி, பழுதான கண்ணில் பொருத்துவதே இச்சிகிச்சை.

கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றுக்கு ஈடான புதுச் செல்கள் லிம்பஸிலிருந்தே வருகின்றன. அமிலமோ காரமோ பட்டு அந்த விளிம்பு அழிந்தால், வெள்ளைவிழியின் சவ்வு இரத்தக் குழாய்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும். இந்தியாவில் வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் பிதுங்கித் தெறித்து இப்படிக் கண்ணைப் பறிகொடுக்கும் குழந்தைகள் உண்டு. இவர்களுக்குத் தானமாகப் பெற்ற கருவிழியை மட்டும் பொருத்திப் பயனில்லை. அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்க லிம்பஸ் இல்லாததால் அதுவும் சில காலத்தில் மங்கிவிடும்.

வளர்ப்பு முறைக்கு அடித்தளமிட்டவர்கள் அமெரிக்காவின் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும். கதிர்வீச்சால் பெருகும் திறனை இழக்கச் செய்த எலிச் செல்களைப் படுகையாகப் பரப்பி, அதன்மேல் மனிதத் தோல் செல்களை வளர்க்கலாம் என்று 1975இல் காட்டினார்கள். இதே வழியில் இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும், நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து எடுத்த லிம்பஸ் செல்களை வளர்த்துப் பொருத்தி, 1997இல் இரு நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார்கள்.

தட்டு நிறையச் செல்கள் பெருகிவிட்டால் சிகிச்சை பலிக்கும் என்று நினைப்பது தவறு. பெருகியவற்றில் பெரும்பாலானவை சில முறை பிரிந்து ஓய்ந்துபோகும். உண்மையான குருத்தணுக்கள் மிகச் சிலவே. பி63 என்னும் புரதம் அடர்த்தியாக உள்ள செல்களைக் கொண்டு அவற்றை அடையாளம் காண்கிறார்கள். 112 நோயாளிகளைப் பற்றி 2010இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அத்தகைய செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்த வளர்ப்புகள் 78 சதவீத வெற்றி தந்தன. அதற்குக் குறைந்தவை வெறும் 11 சதவீதம். இம்முறையில் தயாராகும் ஹோலோக்ளார் என்னும் மருந்து, 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனைக்குட்பட்ட அனுமதியைப் பெற்றது. குருத்தணுக்களைக் கொண்ட மருந்தொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது.

இரு கண்களும் முழுவதும் பாதிக்கப்பட்டவர்களிடம் எடுப்பதற்கு லிம்பஸே இருக்காது. ஜப்பானில் கோஜி நிஷிதா குழுவினர் இவர்களுக்காக வாயின் உட்சவ்வுச் செல்களை வளர்த்துப் பொருத்தினார்கள் (2004). 2019இல் ஒசாகாவில் ஐபிஎஸ் செல்களிலிருந்து (முதிர்ந்த செல்களைக் குருத்தணு நிலைக்கு மாற்றிப் பெறுபவை) உருவாக்கிய கருவிழி மேற்படலத்தையும் பொருத்தினார்கள்.

ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, எலிச் செல்களைத் தவிர்த்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேலேயே லிம்பஸ் செல்களை வளர்த்தது. 2012இல் அங்கு விரேந்தர் சாங்வான் குழுவினர் இன்னும் எளிய வழியொன்றை அறிவித்தார்கள்: திசுவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கண்மேல் விரித்த சவ்வில் நேராக ஒட்டிவிடுவது. செல்கள் கண்ணிலேயே வளர்ந்து பரவுகின்றன. ஒரு கண் மட்டும் பழுதானவர்களுக்கு இந்தியாவில் இன்று பெரிதும் கைகொடுப்பது, ஆய்வகமும் அதன் பெருஞ்செலவும் தேவைப்படாத இந்த முறைதான்.