விளிம்பிற் பொறித்த பெயர்

பழம்போர்ப் பதக்கங்களைத் தொகுப்போர் பலர் அவற்றின் முகத்தை நோக்கி மகிழ்வர். ஆராய்வோன் முதலில் நோக்குவது விளிம்பையே. முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்தோர்க்குப் பிரித்தானிய அரசு வழங்கிய பதக்கங்களை ஈண்டு எடுத்துக்கொள்வாம். 1919ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கம் 36 மில்லிமீற்றர் விட்டமுடைய வெள்ளி வட்டம். ஒருபுறம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் குதிரைமேலமர்ந்த வீரனின் உருவமும் விளங்கும். ஏறக்குறைய 65 இலட்சம் பதக்கங்கள் இவ்வொரே வடிவில் ஆக்கப்பட்டமையின், முகத்தால் ஒன்றற்கொன்று வேற்றுமையில்லை. விளிம்பிலோ போர்வீரனுடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்பன பொறிக்கப்பட்டுள. அவ்வொரு வரியே அதனை வரலாற்றுச் சான்றாக்குகின்றது.

அவ்வரியின் அருமை 1940இன் பின்னரே மிகுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் இலண்டன்மீது விழுந்த குண்டுகளால், ஆண்சைட் வீதியிலிருந்த போர்த்துறை ஏட்டுச்சாலை தீப்பற்றியது. முதலாம் போரின் படைவீரர் பணியேடுகளில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அழிந்தது. எஞ்சியவை கருகியும் நீரில் நனைந்தும் கிடந்தன. ‘எரிந்த ஏடுகள்’ என்றே அவை இன்றும் வழங்கும். ஆகவே, எளிய படைவீரர் பலரைப்பற்றி இன்று எஞ்சியிருப்பன பதக்கமும், பதக்கப் பதிவேட்டில் ஒரு வரியும், சிறியதோர் அட்டையுமே. அவ்வட்டை அவன் முதன்முதல் எந்தப் போர்முனைக்கு எந்நாளிற் சென்றான் என்பதைச் சில வேளைகளிற் கூறும். நுண்படச்சுருளில் எடுத்தபோது பெரும்பாலும் முன்பக்கத்தையே எடுத்தனர். பதக்கத்தை அனுப்பிய முகவரி பின்பக்கத்தில் இருத்தல் உண்டு. 2005இல் அம்மூல அட்டைகளுட் பெரும்பாலனவற்றை மேற்குப் போர்முனைச் சங்கம் ஏற்றுக் காத்திராவிடின், அம்முகவரிகளை நாம் இழந்திருப்போம்.

எண்ணும் பேசும். பிரதேசப் படையினர்க்கு 1917இல் ஆறிலக்கப் புதிய எண்கள் கொடுக்கப்பட்டன. எனவே அப்படையினன் ஒருவனின் விளிம்பில் நான்கிலக்க எண் காணப்படின், அவன் அதற்கு முன்னரே கடல் கடந்தான் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

இத்தகைய சான்றுகள் அழிந்த வகை வருந்தற்குரியது. 1980இன் தொடக்கத்தில் வெள்ளியின் விலை அவுன்சுக்கு 50 டொலரை அண்மியபோது, எண்ணற்ற பதக்கங்கள் உருக்கப்பட்டன. வறுமையால் விற்ற குடும்பத்தாரை நோதல் தகாது. ஆனால் உள்ள பெயரை அராவி நீக்கி, புகழ்பெற்ற படைப்பிரிவொன்றின் பெயரைப் பொறித்து விற்போர் செய்வது வரலாற்றுக் களவு. அராவிய பதக்கத்தின் விட்டம் சற்றுக் குறையும். வேணியர் இடுக்கியால் அளந்து அதனைக் கண்டுகொள்ளலாம்.

போரில் மாண்டோரின் உறவினர்க்கு வேறோர் வெண்கலத் தகடும் அனுப்பப்பட்டது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்ட போட்டியில் லிவர்ப்பூற் சிற்பி எட்வேட் கார்ட்டர் பிரெஸ்டன் வகுத்த வடிவம் அது. ‘இறந்தோன் பென்னி’ என்று மக்கள் கசப்போடு பெயரிட்ட அத்தகடுகள் 13 இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றிற் பெயர் உண்டு, பதவி இல்லை. தளபதியும் கடைநிலை வீரனும் சாவில் ஒப்பர் என்பது கருத்து. நடுகற்களைப் படித்தறிந்த நமக்கு இது விளங்காததன்று.

ஆயின் இவ்வொப்புரவு எல்லோரையும் எட்டவில்லை. சீனர், மால்ற்றர், இந்தியர் முதலிய தொழிற்படையினர் ஏறக்குறைய 1,10,000 பேர்க்கு அதே போர்ப் பதக்கம் வெள்ளியிலன்றி வெண்கலத்தில் வழங்கப்பட்டது. சீனத் தொழிற்படைக்கென ஏறத்தாழ 95,000 பேரைப் பிரித்தானியர் திரட்டினர். எண் பொறித்த பித்தளைக் காப்பொன்றை ஒவ்வொருவன் மணிக்கட்டிலும் பூட்டினர். அவர்கள் பெற்ற பதக்கத்தின் விளிம்பிலும் அவ்வாறே எண்ணும் படையின் பெயரும் மாத்திரம் உள. ஆளின் பெயர் இல்லை. தொகுப்போர் முன்னாளில் இவற்றைப் பொருட்படுத்தாமைக்கு இதுவே காரணம் போலும். என் கருத்தில், அத்தொகுதியில் மிகுதியாகப் பேசும் பதக்கம் இதுவே. பெற்றவனைப் பற்றியன்று, கொடுத்தவனைப் பற்றி.

அவ்வெண்ணைக் கொண்டு பெயரைத் தேடுவோர்க்கு ஒரு வழி உண்டு. பிரான்சில் நொய்யேல்-சூர்-மேர் என்னும் ஊரிலுள்ள சீனர் இடுகாட்டில் எண்ணூறுக்கு மேற்பட்ட கல்லறைகள் நிற்கின்றன. அக்கற்களில் எண் உண்டு. இறந்தவன் பெயரும் சீன எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது.