சொல்ல இயலாதோரின் செவி

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரோன் மலைநாட்டில், 1800-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காட்டிலே தனித்துத் திரிந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிருக்கலாம். பேச்சு இல்லை. அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வாண்டின் கோடையில் அவனைப் பாரிஸ் மாநகருக்குக் கொண்டுவந்து, செவிப்புலனற்றோர் கல்விக்கூடத்தில் சேர்த்தனர். அவனருகே கைத்துப்பாக்கி வெடிக்கப்பட்டபோதும் அவனிடம் சலனம் ஏதும் தோன்றவில்லை எனலாம். ஆனால் அவன் பின்னால் எவரேனும் ஓர் அக்ரூட் கொட்டையை உடைத்தால், உடனே திரும்பிப் பார்த்தான். அவனை அடைத்து வைத்திருந்த அறையின் சாவியை யாரேனும் தொட்டாலும் அவ்வாறே திரும்பினான்.

துப்பாக்கியின் பேரொலி கேளாத செவிக்கு, கொட்டை உடையும் சிற்றொலி எவ்வாறு கேட்டது? காட்டு வாழ்வில் துப்பாக்கி ஒலிக்குப் பொருள் இல்லை. கொட்டை உடையும் ஒலியோ பசிக்கு உணவு. அவன் செவி பழுதின்றி இருந்தது. அவன் வாழ்வோடு ஒட்டிய ஒலியைத் தேடித் தந்தால்தான் அது தன்னை வெளிப்படுத்தியது. இந்தச் சிறு நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்கிக் குறித்து வைத்தவர், அக்கல்விக்கூடத்தின் இளம் மருத்துவர் ழான் மார்க் கஸ்பார் இத்தார் (1774–1838). தனக்குக் கேட்பதையும் கேளாததையும் எடுத்துச் சொல்ல இயலாத மனிதரின் செவியை எவ்வாறு அறிவது என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாற்றில், அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது.

அவர் காலத்துக்கு முன்னர் இத்தகையோர் நிலை யாது? கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்டம், பிறவியிலேயே கேள்வியும் பேச்சும் இல்லாதோருக்கு உயில் எழுதும் உரிமையை மறுத்தது. பேச்சில்லாதவருக்கு அறிவும் இல்லை என்ற எண்ணமே அதன் அடிப்படை. இஸ்லாமியச் சட்ட வல்லுநர்களோ, பேச இயலாதவரின் வழக்கமான சைகை நாவால் உரைத்த சொல்லுக்கு ஒப்பாகும் என்று வகுத்தனர். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்ட நூலில் இவ்விதி தனிப் பிரிவாகவே இடம்பெற்றுள்ளது. உதுமானியச் சுல்தான்களின் அரண்மனையில் வாய்பேசாப் பணியாளர் பலர் இருந்ததையும், அவர்களது சைகை மொழியை அரண்மனையிலிருந்த பிறரும் பழகியதையும் வரலாறு கூறுகிறது. ஆயினும் சைகையேனும் தெரிந்தவருக்கே இவ்வழி திறந்தது. செவிக்குறையோடு அறிவு வளர்ச்சிக் குறையும் சேர்ந்து, சைகையும் கைகூடாதவருக்காகப் பேசுவார் எவர்?

அக்காட்டுச் சிறுவனை ஆராய்ந்த பெருமருத்துவர் பினெல், அவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், முன்னேற்றத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தார். பினெல் அக்காலத்தில் மனநோய் மருத்துவத்தின் தலைமகன். அவர் தீர்ப்பை ஏற்க மறுத்த இத்தாருக்கு அப்போது வயது இருபத்தாறுதான். சிறுவனைத் தம் பொறுப்பில் ஏற்று, விக்டர் எனப் பெயரிட்டார். “ஓ” என்னும் உயிரொலி கேட்டபோதெல்லாம் சிறுவன் திரும்பியதே அப்பெயரைத் தெரிந்தெடுக்கக் காரணம். பிள்ளை தானே காட்டிய வழியில், அவன் செவி விரும்பிய ஒலியிலிருந்தே பாடம் தொடங்கியது.

விக்டரின் கண்களைக் கட்டி, பறையையும் மணியையும் மாறி மாறி ஒலித்து, இரண்டையும் வேறுபடுத்தி அறியப் பழக்கினார் இத்தார். பின்னர் மெல்லிய ஒலிகளுக்கும், அதன் பின்னர் மனிதக் குரலின் உயிரெழுத்துகளுக்கும் பாடம் நகர்ந்தது. ஒவ்வோர் உயிரொலிக்கும் ஒரு விரலை உயர்த்தச் சிறுவன் கற்றுக்கொண்டான். அதில் மகிழ்ந்து, கட்டிய கண்களோடு வாய்விட்டுச் சிரித்தான். கேட்ட ஒலிக்கெல்லாம் விரல்களை உயர்த்தி விளையாடினான். அச்சிரிப்பு பாடத்துக்கு இடையூறு என்று கருதிய ஆசிரியர், ஒருநாள் பறைக் கோலால் அவன் விரல்களில் ஓங்கி அடித்தார். கண்கட்டுத் துணியின் கீழிருந்து கண்ணீர் வழிந்தது. அதன் பின்னர் அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது; முன்போல் ஒலிகளைப் பிரித்தறிய அவனால் இயலவில்லை. இந்தத் தவற்றை மறைக்காமல் இத்தாரே தம் அறிக்கையில் எழுதி வைத்தார். அஞ்சிய உள்ளத்தின் செவி அடைபட்டுவிடும் என்பதை அன்று அவர் கற்றார்.

அவருடைய தவறு அது ஒன்றோடு முடியவில்லை. கல்விக்கூடத்தின் மாணவர்களுக்குக் கேள்வியை மீட்டுத் தரும் வேட்கையில் அட்டைகளைக் கடிக்கவிட்டார், மின்சாரத்தைச் செலுத்தினார், செவிப்பறையைத் துளைத்தார். மாணவர்கள் பட்ட துன்பம் பெரிது; பெற்ற பயன் இல்லை. இறுதியில், முற்றிலும் உணர்விழந்த செவியின் முன்னே மருந்து தோற்றுவிடும் என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் அவ்வாண்டுகள் அவருக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தின. அக்காலத்தார் செவிடர் என ஒரே சொல்லால் அழைத்த மாணவருள் பலருக்குச் சிறிதளவேனும் கேள்வி எஞ்சியிருந்தது. குறையில் படிநிலைகள் உண்டு. எஞ்சியிருப்பதைக் கண்டறிந்து வளர்க்கலாம். செவித்துணைக் கருவிகள் எல்லாம் இன்று இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

1821-ஆம் ஆண்டு இத்தார் செவிநோய்கள் பற்றி இரு தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல், இத்துறையின் முதல் நவீன நூல் எனப் போற்றப்படுகிறது. காதில் இடைவிடாது ஒலிக்கும் இரைச்சலைப் பற்றியும் அதில் விரிவாக எழுதினார்.

காதிரைச்சல் மருத்துவ உலகுக்குப் புதியதன்று. அறிஞர் இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் அதற்குத் தனித் தலைப்பே தந்து, ரீங்காரத்தைத் ‘தனீன்’ என்றும், முழக்கத்தைத் ‘தவீ’ என்றும், சீழ்க்கை போன்றதைச் ‘சஃபீர்’ என்றும் பெயரிட்டு நோக்கினார். நோயாளி எதைக் கேட்கிறார் என்று வினவி, அந்த ஒலிக்கு ஒரு பெயர் கொடுப்பதே மருத்துவத்தின் முதற்படி என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. பேரொலி சிற்றொலியை விரட்டுவதால்தான் வெளி ஓசையின் நடுவே காதின் ரீங்காரம் அடங்குகிறது என்ற கருத்து, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய நூல் ஒன்றிலும் உண்டு.

இத்தார் இக்கருத்தை வீட்டு மருத்துவமாக்கினார். காரணத்தை நீக்க இயலாத இரைச்சலை, அதனை ஒத்த வெளி ஓசையால் மூடலாம் என்றார். சீழ்க்கை போன்ற இரைச்சல் உடையவர் சற்று ஈரமான விறகை அடுப்பிலிட்டு, அது சீறும் ஒலியைக் கேட்டிருக்கலாம். உறக்கம் இழந்தவர் நீராலை ஒன்றின் அருகே தங்கியிருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1970-களில், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் இதே உண்மை மீண்டும் புலப்பட்டது. காதிரைச்சலால் வருந்திய ஒருவர், நகரின் நீரூற்று ஒன்றின் அருகே நின்றபோது தம் இரைச்சல் கேளாமற்போனதை உணர்ந்தார். உடனிருந்த ஆய்வாளர் ஜாக் வெர்னன், அதிலிருந்தே காதில் அணியும் இரைச்சல் மறைப்புக் கருவியை உருவாக்க முனைந்தார். 1990-ஆம் ஆண்டு ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் அறிஞர், ஓர் ஒலி தீங்கற்றது என்று மூளை பழகிவிட்டால் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடும் என்ற கொள்கையை முன்வைத்தார். காதிரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இன்றும் இல்லை. அதனோடு அமைதியாக வாழப் பழக்கும் வழிகள் உண்டு.

ஆனால் இம்முறைகள் எல்லாம் நோயாளியின் வாய்மொழியை எதிர்பார்ப்பவை. “என் காதில் வண்டு ரீங்கரிக்கிறது” என்று சொல்லத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? காதைப் பொத்திக்கொள்ளும்; தலையைச் சுவரில் மோதும்; இரவெல்லாம் விழித்திருக்கும்; சினங்கொள்ளும். காண்போர் அதனைப் பிடிவாதம் என்பர், மனக்கோளாறு என்பர். காதில் அடைத்துக் கிடக்கும் குறும்பியோ, நடுச்செவியில் தேங்கிய நீரோ காரணமாக இருக்கக்கூடும் என்று முதலில் நினைப்பவர் சிலரே.

மருத்துவர் லாங்டன் டவுன் 1866-இல் விவரித்த டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகளை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே இவர்களுடைய காதுத் துளை குறுகலாக இருக்கும். அதில் குறும்பி எளிதில் அடைத்துக்கொள்ளும். நடுச்செவியில் நீர் அடிக்கடி தேங்கும். இவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓரளவில் கேள்விக்குறை உண்டு. பேச்சுத் தாமதத்துக்கு அறிவுக் குறையே முழுக் காரணம் என்று எண்ணிக் காதைப் பாராது விட்டால், பிள்ளை இரு குறைகளைச் சுமக்க நேரிடும். அவற்றுள் ஒன்று நாம் களைந்திருக்கக்கூடியது.

பிள்ளையின் விடையை எதிர்பாராமல் செவியையே நேராக வினவும் வழி, இத்தார் மறைந்து நூற்றாண்டுக்கு மேல் கழித்தே பிறந்தது. ஒலியைக் கேட்டதும் மூளைத்தண்டில் எழும் நுண்ணிய மின்னலைகளைத் தலையில் ஒட்டிய கம்பிகளால் பதிவு செய்யும் முறையை, 1970-களின் தொடக்கத்தில் டான் ஜூவெட்டும் அவர் தோழர்களும் நிலைநாட்டினர். 1978-இல் இலண்டனில் டேவிட் கெம்ப், நலமான உட்செவி ஒலியைக் கேட்பதோடு தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது என்று கண்டார். உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்திச் சில நிமிடங்களில் சோதிப்பது இதனால் கைகூடியது. சொல்லத் தெரியாது, ஆகவே சோதிக்க முடியாது என்ற பழைய சாக்கு இன்று செல்லாது.

இத்தாரின் வழிவந்தோர் கதையும் கேட்கத் தக்கது. அவர் மாணவர் எதுவார் செகேன், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான கல்வியைத் தனித் துறையாகவே வளர்த்தார். இவ்விருவரின் நூல்களையும் தம் கையாலேயே பெயர்த்தெழுதிப் பயின்றவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து தம் கல்விமுறையைக் கற்பித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார். இன்று நம் ஊர்ச் சிறார் பள்ளிகளில் பிள்ளைகள் ஒலிப்பெட்டிகளைக் குலுக்கி, ஒத்த ஓசைகளை இணை சேர்க்கும் விளையாட்டின் வேர், விக்டரின் கண்ணைக் கட்டிப் பறையும் மணியும் ஒலித்த அந்தப் பாரிஸ் அறையில் இருக்கிறது.

விக்டர் என்ன ஆனான்? அவன் பேசக் கற்கவில்லை. ஓரிரு சொற்களுக்கு மேல் அவன் நா எழவில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் இத்தார் நம்பிக்கை இழந்து ஒதுங்கினார். ஒதுங்காதவர் ஒருவர் இருந்தார். அவனுக்கு உணவூட்டவும் உடுத்திவிடவும் அமர்த்தப்பட்ட கெரேன் அம்மையார், அரசு தந்த சிறு உதவித்தொகையோடு, 1828-இல் அவன் கண்மூடும் வரை அவனைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினார். அந்த அம்மையார் நூல் எதுவும் எழுதவில்லை. வரலாற்று ஏடுகளில் அவருக்குக் கிடைத்த வரிகள் மிகச் சில.

நம் குடும்பங்களிலும் கெரேன் அம்மையார்கள் இருக்கிறார்கள். பேசாத பிள்ளையின் தாய், தளர்ந்த அறிவோடு கட்டிலில் கிடக்கும் மூதாட்டியின் மருமகள், தன் தம்பியின் முகக்குறிப்பை மருத்துவருக்கு மொழிபெயர்க்கும் அக்காள் ஆகியோர் அறிந்திருப்பதை எந்தக் கருவியும் அறியாது. கதவு திறக்கும் ஓசைக்குத் திரும்புகிறானா, எந்தப் பக்கக் காதைத் தடவுகிறான், எந்த ஓசைக்கு அழுகிறான், எப்போதிருந்து பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்பதையெல்லாம் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காதில் குச்சியையோ, காய்ச்சிய எண்ணெயையோ இட வேண்டாம். திடீரெனக் கேள்வி குறைந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். “மந்தம்” என்று ஒருவர் சொன்னால், காதைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அக்ரூட் கொட்டை உண்டு. பாரிஸில் அதன் ஓசைக்கு ஒரு சிறுவன் திரும்பியதைக் கவனித்த ஒரு மருத்துவர் இருந்தார். நம் வீட்டில் அதனைக் கவனிக்க வேண்டியவர் நாம்.