இயந்திர அறையின் வாசல்: அம்பாறைக் கடலும் கடல் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறும்

வரிப்பத்தான்சேனையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. இறக்காமம் குளத்து நீரை நம்பி நெல் செய்யும் ஊர் இது. மீன் எங்களுக்கு ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வரும். கடலின் செய்தியும் பெரும்பாலும் அதோடுதான் வரும். 2020 செப்டம்பர் 3ஆம் திகதிச் செய்தி மட்டும் மீன்காரர் வருமுன்னே கைத்தொலைபேசியில் வந்து சேர்ந்தது. அம்பாறைக் கரையின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல் மைலில் எண்ணெய்க் கப்பலொன்று எரிகிறது என்றார்கள்.

கப்பலின் பெயர் நியூ டயமண்ட். பனாமாக் கொடி பறந்த, 330 மீற்றர் நீளமான கப்பல். குவைத்தின் மீனா அல் அஹ்மதியிலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எவ்வளவு எண்ணெய், எந்தக் கரைக்கு வரும், மீன் தின்னலாமா என்பவையே அன்று ஊரில் எழுந்த கேள்விகள். நானும் அவற்றைத்தான் கேட்டேன். கப்பலில் 23 பேர் இருந்தார்கள், 18 பேர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், 5 பேர் கிரேக்கர், அவர்களில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இயந்திர அறை வெடிப்பில் இறந்துபோனார் என்பதெல்லாம் பிறகுதான் மனதில் ஏறின. அன்று நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு வரிசை இருந்தது: முதலில் எண்ணெயும் கரையும் மீனும், கடைசியில்தான் மனிதர். கடல் தொழிலாளரைக் காக்கும் சட்டங்களின் ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றிலும் அதே வரிசைதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், காப்புறுதிப் பணம் இருக்கிறதென்ற துணிவில் பழுதான கப்பல்களை அளவுக்கு மீறி ஏற்றி அனுப்பினார்கள். மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மாலுமிகளுக்காகவே வாதாடி, 1876இல் கப்பலின் விலாவில் சுமைக்கோடு வரையும் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். ஆனால் கோட்டை எங்கே வரைவதென்பது கப்பல் சொந்தக்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அதன் இடத்தைச் சட்டமே நிர்ணயிக்க 1890 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அந்தச் சட்டம் பாதிச் சட்டமாகவே கிடந்தது.

1912இல் டைட்டானிக் மூழ்கி 1,500 பேர் வரை இறந்தார்கள். அதன் பயனாக, 1914இல் கடலில் உயிர்காப்பு பற்றிய முதல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. உயிர்காப்புப் படகுகளையும் கம்பியில்லாத் தந்திக் காவலையும் பற்றி அது விரிவாகப் பேசியது. டைட்டானிக்கின் இயந்திரப் பொறியியலாளர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆனாலும் உலகத்தை உலுக்கியது பயணிகளின் சாவுதான். 1967இல் டொரி கன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பாறையில் ஏறி உடைந்தது. அதன் பிறகு கடல்நீரைக் காக்கும் சட்டங்கள் வேகமாக வளர்ந்து, 1973இல் கடல் மாசடைதலைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையாக முடிந்தன. மாலுமிக்காகத் தொடங்கிய பாதுகாப்பு, முதலில் கப்பலின் உடல், அடுத்து பயணி, அதற்கடுத்து கடல்நீர் என்று நகர்ந்தது.

எண்ணெய்க் கப்பலில் வேலை செய்பவரின் ஆபத்தை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். எண்ணெய் இருக்கும் தாங்கியை விட, எண்ணெய் இறக்கிய தாங்கி ஆபத்தானது. எஞ்சிய ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும். 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கொங் ஹாகோன் VII என்ற மூன்று பெருங்கப்பல்கள், தாங்கி கழுவும் வேலை தொடர்பாக அடுத்தடுத்து வெடித்தன. அதன்பின் கொதிகலனின் புகையைக் குளிர்வித்துக் கழுவி, ஒட்சிசன் குறைந்த வாயுவாகத் தாங்கிக்குள் நிரப்பும் முறை கட்டாயமாயிற்று. கப்பல் வெடிப்பதை அந்த வாயு தடுக்கிறது. அதே வாயு, அளந்து பார்க்காமல் உள்ளே இறங்கும் மனிதனைச் சில மூச்சுகளில் மயங்கி விழச் செய்கிறது. விழுந்தவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுகிறான். மூடிய இடங்களில் நேரும் கப்பல் சாவுகளில் இந்த இரண்டாமவனின் கதை திரும்பத் திரும்ப வருகிறது.

நியூ டயமண்டின் மசகு எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவவில்லை. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கடலோரக் காவற்படையும் சேர்ந்து அணைத்த தீ, 7ஆம் திகதி மீண்டும் மூண்டு, பின்பு முற்றாக அடங்கியது. காயமடைந்த மூன்றாம் பொறியியலாளரைக் கரைக்குக் கொண்டுவந்து கல்முனை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். இந்தக் கரைக்கும் அந்தக் கப்பலின் தொழிலாளருக்கும் இருந்த நேரடி உறவு அந்த ஒரு கட்டில்தான். கப்பலின் எரிபொருள் கடலில் கசிந்ததற்காகக் கப்பல் தலைவர் மீது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி 20 இலட்சம் ரூபா தண்டம் கட்டினார். வழக்கு நியாயமானதே, எங்கள் கடலுக்கு அது வேண்டும். ஆனால் எங்கள் நீதிமன்றம் விசாரித்தது எண்ணெயை. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பலில், எங்கள் ஆட்சிக் கடலுக்கு வெளியே நேர்ந்த ஒரு தொழிலாளியின் சாவு, கொடி நாட்டின் விசாரணைக்கு உரியதாகிவிடுகிறது. கப்பலின் சொந்தக்காரர் ஒரு நாடு, கொடி இன்னொரு நாடு, தொழிலாளி மூன்றாவது நாடு, விபத்து நான்காவது நாட்டின் வாசலில். கடல் வேலையில் பொறுப்பு இப்படித்தான் கரைகிறது.

தொழிலாளியை நடுவில் வைத்த பெருஞ்சட்டம் கடைசியாகவே வந்தது. சர்வதேச தொழில் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய கடல்சார் தொழில் உடன்படிக்கை 2013 ஓகஸ்ட் 20இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வு நேரம், சம்பளம், மருத்துவம், ஊர் திருப்பி அனுப்புதல் என யாவும் அதில் உண்டு. இலங்கை அதில் 2017 ஜனவரியில் இணைந்தது. ஆனால் அதனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. அதே ஆண்டு மார்ச்சில், எட்டு இலங்கையரோடு ஜிபுட்டியிலிருந்து மொகடிஷு போய்க்கொண்டிருந்த ஏரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். மூன்று நாளில் எட்டுப் பேரும் உயிரோடு விடுபட்டார்கள். கொள்ளை ஒழிந்ததென்று உலகம் ஆறுதல் அடைந்திருந்த காலம் அது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். மேலே சொன்ன சட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு விலக்கு இருக்கிறது. சுமைக்கோடு, உயிர்காப்பு, கடல்சார் தொழில் ஆகிய மூன்று உடன்படிக்கைகளும் மீன்பிடிக் கலங்களை முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ வெளியே நிறுத்துகின்றன. மீன்பிடிக் கலங்களுக்கென்றே 1977இல் டொரிமோலினோஸில் எழுதப்பட்ட உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் அது 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கே உரியது. சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் நிற்கும் ஆழ்கடல் இயந்திரப் படகு பெரும்பாலும் அந்த நீளத்தை எட்டாது. அதிலும் மனிதர்கள் நாட்கணக்கில் கரை காணாமல் வேலை செய்கிறார்கள்.

கரைவலை இழுத்த காலத்தில் கடலின் ஆபத்து பெரும்பாலும் கரையின் கண்ணுக்குள் இருந்தது. வாடி வாசலில் நிற்பவருக்குத் தோணி தெரியும். இயந்திரமும் ஐஸும் வந்தபின் படகுகள் கண்ணுக்கெட்டாத தூரம் போயின. காக்கும் ஏற்பாடுகள் அவற்றோடு போகவில்லை. 2004 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களோடு படகுகளையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகள் எல்லாமே கடலுக்கு ஏற்றவையாக இருக்கவில்லை. சர்வதேசக் கடலுக்குப் போகும் நெடுநாள் படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் செய்மதிக் கருவி கட்டாயமானதும், காணாமற்போன தண்டயல்மாருக்காக (படகுத் தலைவர்களுக்காக) அல்ல. சட்டவிரோத மீன்பிடியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. அந்த நெருக்கடியில்தான் கருவி வந்தது, 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. அந்தக் கருவியால் மனிதர்களையும் தேடலாம் என்பது நல்லதே. ஆனால் அதை வரவழைத்தது மீனின் விலை.

இதே கரையின் ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் மூடியது; வடக்கே கரை அரித்து, தென்னந்தோப்புகள் கடலில் சாய்ந்தன. இதை நான் தொழிலாளர் பாதுகாப்பின் கதையாகவே வாசிக்கிறேன். ஒதுங்க இடமில்லாத படகு திறந்த கடலில் நங்கூரத்தில் நிற்கிறது. டீசலும் ஐஸும் சிறு தோணியில் அலை தாண்டிப் போகின்றன. வாடைக்காற்று முறுகும் மாதங்களில் கயிறு அறுந்து படகு கரையில் மோதும். அதைக் காக்க இரவில் நீந்துபவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி நின்ற படகொன்றில் ஏறி இயந்திர அறையைப் பார்த்தேன். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. தளத்தில் ஓர் ஆள் நுழையும் சதுர வாசல், அதற்குக் கீழே நிமிர முடியாத பள்ளம். இயந்திரத்தின் ஒரு பக்கம் பற்றரிகள், மறுபக்கம் டீசல் கேன்கள். வாசலுக்கு இரண்டு அடி தள்ளிச் சமையல் அடுப்பு. பெரிய கப்பல்களின் இயந்திர அறைக்கு வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டுமென்பது சர்வதேச விதி. நியூ டயமண்டில் இறந்தவருக்கு அந்த விதியாவது இருந்தது. இங்கே வழி ஒன்றுதான். நான் ஏறி வெளியே வந்ததும், இயந்திரம் பார்க்கும் இருபது வயதுப் பையன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதே சதுரத்துக்குள் இறங்கினான். அஸர் தொழுகைக்குப் பிறகு படகு புறப்படுவதாக இருந்தது.